வெளியில் தெரியும் பாகங்கள்

அம்மாவின் அளவு நோட்டில் ஆட்களின் பெயர் இருக்காது. 'பால்காரர் வீடு', 'டீச்சர் மருமக', 'அருப்புக்கோட்டை சம்பந்தி' என்றுதான் இருக்கும். கமுதி பஜாரிலிருந்து உள்ளே திரும்பும் ஒரு சந்தில், எங்கள் வீட்டு முன்னறையில், முப்பது வருஷத்துக்கும் மேலாக அம்மா ஜாக்கெட் தைக்கிறார். பழைய ஆட்கள் அளவு ஜாக்கெட்டைக் கொடுத்துவிட்டுப் போய்விடுவார்கள். புதுசாக வருகிறவர்களுக்குத்தான் இஞ்ச் டேப். தோள், கை, மார்ச்சுற்று, இடுப்பு, கழுத்து இறக்கம் என்று வரிசையாக எண்கள். சில வரிகளின் ஓரத்தில் மட்டும் 'வ' என்றோ 'இ' என்றோ சின்னதாக ஓர் எழுத்து.

அது என்னவென்று சின்ன வயதில் கேட்டிருக்கிறேன்.

"வலது, இடது. ஒரு பக்கம் கொஞ்சம் கூடக்குறைய இருக்கும் தாயி. அதுக்குத் தக்கன டாட் பிடிக்கணும்ல."

"அப்ப எல்லாருக்கும் ஏன் போடல?"

"போட்டா எல்லாருக்கும்தான் போடணும். துணில தெரியுற அளவுக்கு இருந்தா மட்டும் போடுறது. எந்தப் பொம்பளைக்கு ரெண்டு பக்கமும் ஒண்ணா இருக்கு?"

பிற்பாடு மருத்துவக் கட்டுரைகளைத் தேடித் தேடிப் படித்தபோது, முதல் பத்தியில் எல்லோரும் எழுதுவது இதுவாகத்தான் இருந்தது. இரண்டு மார்பகங்களுக்கு இடையில் சிறு வித்தியாசம் இருப்பதே சாதாரணம். அச்சு அசலாக ஒன்றுபோல் இருப்பதுதான் அபூர்வம். அம்மா இதை எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்திவிட்டு இஞ்ச் டேப்பால் கண்டுபிடித்திருந்தார்.

எனக்குப் பதினைந்து நடக்கும்போது என் வரிக்குப் பக்கத்திலும் 'வ' வந்தது. என் வலது பக்கம் வளரவே இல்லை. அம்மா யாரிடமும் எதுவும் சொல்லவில்லை. பஞ்சு வைத்து லைனிங் கொடுத்து என் பள்ளிக்கூட உடுப்பைத் தைத்தார். நன்றாகத் தைத்தார். பன்னிரண்டாம் வகுப்பு முடிக்கும்வரை என் பெஞ்சில் உட்கார்ந்திருந்தவளுக்குக்கூடத் தெரியாது.

துணியைத்தான் உடம்புக்குத் தக்கபடி வெட்ட வேண்டும் என்று தினமும் கத்தரியோடு வாழ்ந்தவர் அம்மா. என் இருபத்துமூன்றாவது வயதில் என் உடம்பில் ஆபரேஷன் செய்துகொள்ளச் சொன்னவரும் அவர்தான். இந்த இரண்டு அம்மாக்களுக்கும் நடுவில் இருக்கும் இடைவெளியைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

*

எனக்கு இருப்பதை 'போலந்து சிண்ட்ரோம்' என்று முதன்முதலில் ஒரு டாக்டர் சீட்டில் எழுதிக் கொடுத்தபோது, அந்த நாட்டில் அதிகம் வரும் வியாதி போல என்று நினைத்தேன். ஆல்ஃபிரட் போலந்து ஓர் ஆள். லண்டன் கைஸ் ஆஸ்பத்திரியில் மாணவராக இருந்தபோது ஒரு கைதியின் உடலை அறுத்துப் பார்த்தவர், நெஞ்சின் ஒரு பக்கத்தில் தசை இல்லாததை 1841-ல் எழுதி வைத்தார். அந்தக் குறிப்புக்கு அவர் பெயரைச் சூட்டியது நூறு வருஷத்துக்கும் பிறகு, 1962-ல், அதே ஆஸ்பத்திரியின் வேறொரு டாக்டர். கருவின் ஆறாவது வாரத்தையொட்டி அந்தப் பக்கத்து ரத்த ஓட்டம் தடைபட்டிருக்கலாம் என்பதுதான் பரவலாகச் சொல்லப்படும் விளக்கம். ஆண்களுக்குத்தான் அதிகம் வருகிறது. வலப்பக்கம்தான் அதிகம். சிலருக்கு அந்தப் பக்கத்துக் கைவிரல்களும் ஒட்டியோ குட்டையாகவோ இருக்கும். எனக்கு விரல்கள் தப்பித்துவிட்டன. அதனால்தான் இன்று கீபோர்டில் பிழைப்பு.

இது பல வேறுபாடுகளில் ஒன்று மட்டுமே. கரு உருவாகும்போது அக்குளிலிருந்து தொடை இடுக்குவரை இரண்டு பக்கமும் ஒரு கோடுபோலத் தடிப்பு தோன்றும். பால்கோடு என்பார்கள். மனிதர்களுக்கு நெஞ்சுப் பகுதியைத் தவிர மற்றதெல்லாம் தானாக மறைந்துவிடும். முழுதாக மறையாவிட்டால் அக்குளில் ஒரு கூடுதல் சதை மிஞ்சும். பிள்ளை பெற்ற பிறகு அது வீங்கும்போதுதான் பல பெண்களுக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியவரும். அம்மா அவர்களுக்கு அக்குள் பீஸை அகலமாக வெட்டுவார். சிலருக்கு அடிப்பகுதி குறுகி, குழாய்போல வளரும். சிலருக்குப் பருவ வயதில் நிற்காமல் வளர்ந்து கழுத்தையும் முதுகையும் இழுக்கும். பையன்களுக்கும் உண்டு. பருவ வயதில் நெஞ்சு சற்றே பெருப்பது மிகச் சாதாரணம். பெரும்பாலும் ஓரிரு வருஷத்தில் சரியாகிவிடும். சரியாகாத ஓர் அண்ணன் எங்கள் தெருவில் இருந்தார். கண்மாயில் எல்லாப் பையன்களும் வெற்றுடம்போடு குதிக்கும்போது அவர் மட்டும் பனியனோடு குதிப்பார். ஏன் என்று யாரும் கேட்டதாக நினைவில்லை. பெயர் மட்டும் வைத்திருந்தார்கள். அந்தப் பெயரை இங்கே எழுதப் போவதில்லை.

இவற்றில் எதற்கும் உயிர் போகாது. முதுகை இழுக்கும் அந்தப் பாரத்தைத் தவிர மற்றவற்றால் பெரும்பாலும் உடலுக்கு ஒரு துன்பமும் இல்லை. அப்புறம் எதற்கு ஆபரேஷன்? கேள்வி எளிமையாகத்தான் இருக்கிறது.

*

அம்மாவின் பதிலும் எளிமையாகத்தான் இருந்தது. வரன் பார்க்கத் தொடங்கிய சமயம்.

"மதுரப் பெரியாஸ்பத்திரில பண்றாகளாம். ஒரு ஆபரேசனப் பண்ணிட்டா நாம யார்ட்டயும் ஒண்ணும் சொல்ல வேண்டியதில்ல தாயி."

"பண்ணாட்டி?"

"பண்ணாட்டி சொல்லணும்ல. சொல்லாமக் கட்டிக் குடுத்தா நாளைக்கு அது பொய்யாப் போகும்."

அப்போது எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. என்னை மாப்பிள்ளை வீட்டுக்கு ஏற்றபடி வெட்டித் தைக்கப் பார்க்கிறார் என்று கத்தினேன். முடியாது என்று சொல்லிவிட்டுச் சென்னைக்கு பஸ் ஏறினேன். பல வருஷம் கழித்துத்தான் அந்தப் பேச்சில் இருந்த நுட்பம் எனக்கு உறைத்தது. அம்மா அழகைப் பற்றி ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை. அவர் கவலையெல்லாம் பொய்யைப் பற்றி. மகளை மறைத்துக் கட்டிக்கொடுக்கவும் அவருக்கு மனசில்லை, மகளைப் பற்றி அந்நியர்களுக்கு விளக்கம் கொடுக்கவும் மனசில்லை. சொல்ல வேண்டிய விஷயமே இல்லாமல் போய்விட்டால் இரண்டிலிருந்தும் தப்பிக்கலாம்.

ஆனால் ஆபரேஷன் ஓர் உண்மையை இல்லாமல் ஆக்குகிறதா, மூடி வைக்கிறதா? செய்துகொண்ட பிறகும் சொல்லத்தான் வேண்டுமா? எனக்குத் தெரிந்த ஒரே அளவுகோல் இதுதான்: சொல்லாமல் விட்டால் அடுத்தவர் வாழ்க்கையில் அவர் அறியாமல் ஏதாவது மாறுமா? போலந்து பெரும்பாலும் குடும்பத்தில் தொடர்ந்து வருவதில்லை. ஒரு பக்கம் நன்றாக இருந்தால் பிள்ளைக்குப் பால் கொடுக்க அது போதும். ஆக, அடுத்தவருக்குக் கடன்பட்ட தகவல் என்று இதில் எதுவும் இல்லை. நெருங்கியவரிடம் மனம் விட்டுச் சொல்வது வேறு, தரகர் வழியாக ஒப்புதல் வாக்குமூலம் அனுப்புவது வேறு. இரண்டாவதை யாரும் யாருக்கும் செய்யக் கடமைப்பட்டவர் இல்லை. (எனக்குக் கல்யாணமாகிவிட்டது. ஆபரேஷனுக்கு முன்னாலா பின்னாலா, எப்போது சொன்னேன் என்பதை வேண்டுமென்றேதான் எழுதவில்லை.)

*

என் பிடிவாதம் ஆறு வருஷம் தாங்கியது. அதை உடைத்தது மாப்பிள்ளையோ கண்ணாடியோ இல்லை, ஏர்போர்ட்.

வேலைக்காக மாதம் இரண்டு தடவை பறக்க வேண்டிய புராஜெக்ட். பெண்களைச் சோதிக்கும் அந்தத் திரைமறைப்புக்குள் ஒவ்வொரு முறையும் காவலர் அக்காவின் கை என் வலப்பக்கம் வந்ததும் நிற்கும். இடப்பக்கம் போய்த் திரும்பி வரும். "யே க்யா ஹை?" எனக்குத் தெரிந்த இந்தியில் 'பிறவியிலேயே' என்பதற்கு வார்த்தை கிடையாது. கடைசியில் கூகுளில் தேடி மனப்பாடம் செய்து வைத்துக்கொண்டேன். அவர்கள் யாரும் மோசமாக நடந்துகொண்டதில்லை. ஒருவர் மன்னிப்புக்கூடக் கேட்டார். அவர்கள் செய்தது அவர்கள் வேலை. ஆனால் நானும் ஒவ்வொரு தடவையும் ஒரு வேலை செய்துகொண்டிருந்தேன், சம்பளமில்லாத வேலை: விளக்கம் கொடுக்கும் வேலை.

2019-ல், இருபத்தொன்பதாவது வயதில், சென்னையில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் செய்துகொண்டேன். முதுகிலிருந்து ஒரு தசையை வேரோடு வெட்டிவிடாமல் அக்குள் வழியாக முன்னால் திருப்பி, அதன் அடியில் சிலிக்கான் வைப்பார்கள். யாரும் என்னைக் கட்டாயப்படுத்தவில்லை. கட்டாயப்படுத்தியிருந்தால் இப்போதும் செய்திருக்க மாட்டேன் என்றுதான் நினைக்கிறேன்.

பில் விஷயத்தில்தான் தத்துவம் ஆரம்பித்தது. கம்பெனி மூலம் எடுத்திருந்த இன்ஷூரன்ஸிலிருந்து மறுப்புக் கடிதம் வந்தது. காரணம்: 'வெளிப்புறப் பிறவிக் குறைபாடு'. இந்திய இன்ஷூரன்ஸ் விதிமுறைகளில் பிறவிக் குறைபாடு இரண்டு வகை. உடலின் வெளியில் தெரியும், எட்டித் தொடக்கூடிய பாகங்களில் இருந்தால் வெளிப்புறம். மற்றதெல்லாம் உட்புறம். இதயத்தில் ஓட்டை இருந்தால் உட்புறம். பல பாலிசிகளில் வெளிப்புறத்துக்குப் பணம் கிடையாது.

வெளியில் தெரியும் பாகம் என்ற வரியைப் பல நாள் திரும்பத் திரும்பப் படித்தேன். யாருக்குத் தெரியும்? பள்ளிக்கூடத்தில் ஒருத்திக்கும் தெரியாது. அம்மாவின் பஞ்சு அவ்வளவு நேர்த்தி. என் வாழ்நாள் முழுக்க வெளியில் தெரியாமல் இருக்கத்தானே இத்தனை பாடு? ஒரு பெண் தன் உடம்பிலேயே அதிகம் மூடி வைக்கும்படி பழக்கப்படுத்தப்பட்ட இடத்துக்கு, காப்பீட்டுத் துறையின் மொழியில் 'வெளியில் தெரியும் பாகம்' என்று பெயர்.

அதே ஆபரேஷனின் பில்லில் இன்னொரு வேடிக்கை. ஜிஎஸ்டி இல்லை. 2017 ஜூலையில் அந்த வரி வந்தபோது மருத்துவச் சேவைகளுக்கு விலக்கு கொடுத்தார்கள். அழகு சிகிச்சைக்கும் பிளாஸ்டிக் சர்ஜரிக்கும் விலக்கு கிடையாது. பிறவிக் குறை, வளர்ச்சிக் குறை, காயம் ஆகியவற்றைச் சீராக்கச் செய்தால் மட்டும் உண்டு. ஆக, ஒரே உடம்பு, ஒரே மாதம். வரி அலுவலகத்துக்கு நான் நோயாளி. காப்பீட்டுக்கு நான் தோற்றப் பிரச்சினை. எங்கள் துறையில் ஒரு டிக்கெட் வந்தால் முதல் சண்டையே இது பக்-கா ஃபீச்சரா என்பதுதான். அதற்கு யார் காசு கொடுப்பது என்பதை வைத்துத்தான் பதில் மாறும். அரசாங்கத்திலும் அப்படித்தான் போல.

*

இந்தச் சண்டை தமிழ்நாட்டில் பொதுவெளியிலும் ஒருமுறை நடந்தது. 2018 பிப்ரவரியில், சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியின் பிளாஸ்டிக் சர்ஜரி துறையில், மார்பகச் சீரமைப்பு அறுவை சிகிச்சைகளை இலவசமாகச் செய்யும் கிளினிக்கை அன்றைய சுகாதார அமைச்சர் விஜயபாஸ்கர் தொடங்கிவைத்தார். புற்றுநோய்க்குப் பிறகான சீரமைப்பு அங்கே ஏற்கெனவே நடந்துகொண்டிருந்தது. இப்போது அளவைக் கூட்டவோ குறைக்கவோ வேண்டியவர்களும் வரலாம் என்றார்கள். அழகு சிகிச்சை ஏழைகளுக்கு ஏன் கிடைக்கக் கூடாது என்று அமைச்சர் கேட்டார். உயிர்காக்கும் சிகிச்சைக்குப் போக வேண்டிய கவனம் அழகுக்குப் போகிறதே என்று பொதுச் சுகாதாரத் துறையின் முன்னாள் இயக்குநர் ஒருவர் வருத்தப்பட்டார். வெளிநாட்டுப் பத்திரிகைகள்வரை செய்தியானது. நம்மூர் மீம்களைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை.

என் ஆபீஸ் கேன்டீனிலும் அன்று அதுதான் பேச்சு. நான் வாயைத் திறக்கவில்லை. இரண்டு தரப்பும் ஒரே வார்த்தையைப் பிடித்துத் தொங்கியது எனக்கு விசித்திரமாக இருந்தது. கொடுக்க வேண்டும் என்றவரும் அழகு என்றார், கூடாது என்றவரும் அழகு என்றார். கழுத்து வலியோடு வீட்டை விட்டு வெளியே வராமல் இருப்பவளும், என்னைப் போல் ஒரு பக்கம் இல்லாதவளும், சும்மா ஆசைப்பட்டு வருகிறவளும் அந்த ஒரு வார்த்தைக்குள் அடைபட்டார்கள்.

அழகு, நோய் என்று இரண்டே டப்பாக்கள் இருந்தால் எங்களில் பெரும்பாலானவர்களுக்கு இரண்டிலும் இடமில்லை.

*

இதற்கெல்லாம் ஒரு வலுவான மறுப்பு உண்டு. அது எங்கள் ஊரிலிருந்தே வருகிறது.

கமுதியில் ஒரு மீனாட்சி சுந்தரேஸ்வரர் கோயில் இருக்கிறது. 1897-ல் நாடார்கள் அதற்குள் நுழைந்து வழிபட்டார்கள். ராமநாதபுரம் சேதுபதி வழக்குப் போட்டார். பிறப்பை வைத்து ஒருவரை எந்த வாசலோடு நிறுத்தலாம் என்ற கேள்வி எங்கள் சின்ன ஊரிலிருந்து லண்டன் பிரிவி கவுன்சில்வரை போனது. 1908-ல் நாடார்கள் தோற்றார்கள். வழக்கம் அப்படித்தான் என்றது தீர்ப்பு. 1939 ஜூலையில் மதுரை மீனாட்சியம்மன் கோயிலுக்குள் வைத்தியநாத ஐயர் தலித்துகளோடும் ஒரு நாடாரோடும் நுழைந்து, அதையொட்டிச் சட்டமும் வந்த பிறகுதான் கதவு திறந்தது.

இந்த வரலாற்றைப் படிக்கும் யாரும், உள்ளே போக ஆசைப்பட்டவர்கள் தங்களை மாற்றிக்கொண்டிருக்கலாமே என்று சொல்ல மாட்டோம். பிறப்பில் கோளாறு இல்லை, பார்வையில்தான் கோளாறு என்போம். அப்படியானால் என் உடம்பு விஷயத்தில் மட்டும் ஏன் கத்தி? பார்க்கிறவர்களைத் திருத்தாமல் பார்க்கப்படுகிறவளை ஏன் திருத்த வேண்டும்? இருபத்துமூன்று வயதில் நான் அம்மாவிடம் கத்தியது, இவ்வளவு தெளிவாக இல்லாவிட்டாலும், இதைத்தான்.

இந்த வாதம் தப்பென்று இப்போதும் எனக்குத் தோன்றவில்லை. ஆனால் அந்த ஆண்டுகளை ஒருமுறை கழித்துப் பாருங்கள். 1897-லிருந்து 1939 வரை நாற்பத்திரண்டு வருஷம். ஒரு சமூகம் கூடி, காசு திரட்டி, வக்கீல் வைத்து, தெருவில் இறங்கிப் போராடியும் அவ்வளவு காலம் ஆனது. நுழைந்தவர்களில் பலர் கதவு திறந்ததைப் பார்க்காமலே போய்ச் சேர்ந்திருப்பார்கள். என்னைப் போன்றவர்களுக்குச் சங்கம் கிடையாது. ஒருத்தி இருப்பது இன்னொருத்திக்குத் தெரியாது, ஏனென்றால் எல்லோரும் பஞ்சு வைத்திருக்கிறோம். உலகம் திருந்தும்வரை ஏர்போர்ட்டில் இந்தி வார்த்தையோடு நின்றுகொண்டிரு என்று ஒரு தனி ஆளிடம் சொல்வது, அவளுடைய ஒரே இளமையை நம் கொள்கைக்குக் கடனாகக் கேட்பது.

வேலூரில் நடந்த ஒன்று இங்கே உதவும். 1940-களின் கடைசியில் சி.எம்.சி.யில் பால் பிராண்ட் தொழுநோயாளிகளின் மடங்கிப்போன விரல்களைத் தசைநாண் மாற்றி நிமிர்த்தத் தொடங்கினார். விரல் நிமிர்ந்து ஊருக்குப் போனவர்கள் சிலர் திரும்பி வந்து குறைபட்டுக்கொண்டார்கள் என்று அவரே எழுதியிருக்கிறார். மடங்கிய கைக்குப் பிச்சையாவது விழுந்தது. நிமிர்ந்த கைக்கு அதுவும் இல்லை, வேலையும் இல்லை. முகத்தைப் பார்த்தே ஜனங்கள் விலகினார்கள். அதன் பிறகுதான் சப்பிப்போன மூக்கையும் உதிர்ந்துபோன புருவத்தையும் சீரமைக்கும் வேலை அங்கே வந்தது. தலைத்தோலில் முடியோடு ஒரு துண்டை நகர்த்திக் கொண்டுவந்து புருவம் செய்தார்கள்.

புருவத்தால் என்ன வேலை ஆகிறது? கண்ணில் வியர்வை இறங்காமல் தடுக்கும், அவ்வளவுதான். இன்றைய பாலிசியில் அது வெளியில் தெரியும் பாகத்தில் செய்த அழகு வேலை. ஆனால் அந்த மனிதருக்கு அந்த இரண்டு கோடு முடிதான் டீக்கடையில் உட்கார இடம் கொடுத்தது. கிருமி போய்விட்டது என்று ஊர் ஊராக விளக்கம் கொடுத்துக்கொண்டு திரிய வேண்டிய வேலையை அது முடித்துவைத்தது. பிராண்ட் காலத்து ஜனங்கள் தப்புதான் செய்தார்கள். அதற்காக அந்த நோயாளியைப் புருவமில்லாமல் திருப்பி அனுப்பியிருந்தால் அது நீதியாகியிருக்காது.

*

இவ்வளவு சொன்ன பிறகு எதிர்ப்பக்கத்து ஆபத்தையும் சொல்லியாக வேண்டும்.

உலகின் முதல் சிலிக்கான் மார்பக ஆபரேஷன் 1962-ல் ஹூஸ்டனில் நடந்தது. போலந்து சிண்ட்ரோமுக்குப் பெயர் வந்த அதே வருஷம். அந்தப் பெண் பச்சை குத்தியதை அழிக்க ஆஸ்பத்திரி போனவர். மார்பகத்தைப் பற்றி அவருக்குக் குறையே இல்லை. தன் காதுகள் விடைத்துக்கொண்டு நிற்பதுதான் அவர் வருத்தம். காதையும் சரிசெய்து தருகிறோம் என்று சொல்லி டாக்டர்கள் சம்மதிக்க வைத்தார்கள். இருபது வருஷம் கழித்து, 1982-ல், அமெரிக்க பிளாஸ்டிக் சர்ஜன்களின் சங்கம் அந்நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ.வுக்கு எழுதியது: சிறிய மார்பகம் என்பது உருக்குறை, அதை ஒரு நோயாகவே கருத வேண்டும் என்று. தீர்வு முதலில் வந்தது, நோய் பின்னால் வந்தது. அம்மாவின் நோட்டில் வெறும் எண்ணாக இருந்தவர்கள் ஒரே கடிதத்தில் நோயாளிகள் ஆனார்கள்.

தீர்வும் முழுத் தீர்வு இல்லை. நான் ஆபரேஷன் செய்துகொண்ட அதே 2019 ஜூலையில், சொரசொரப்பான மேற்பரப்பு கொண்ட ஒருவகை இம்ப்ளான்ட்டை அரிய வகைப் புற்றுநோயோடு தொடர்பு இருப்பதால் உலகம் முழுக்கத் திரும்பப் பெற்றார்கள். என் கார்டை எடுத்து மாடல் நம்பரைப் பார்க்கும்வரை எனக்கு உள்ளங்கை வேர்த்தது. என்னுடையது அது இல்லை. இம்ப்ளான்ட் ஆயுளுக்கும் நிலைக்கும் பொருள் இல்லை என்று இப்போது கட்டம் கட்டி எச்சரிக்கை போட வேண்டும் என்கிறது எஃப்.டி.ஏ. என்றாவது ஒருநாள் மாற்ற வேண்டி வரும். முதுகில் தழும்பு இருக்கிறது. முன்னால் ஓர் உள்ளங்கை அகலத்துக்குத் தொட்டால் தெரியாது. பாத்திரத்தைத் தூக்கும்போது மார்பு துடிக்கும். அது இன்னும் தன்னை முதுகென்றே நினைத்துக்கொண்டிருக்கிறது.

ஆக, நான் வந்து நிற்கும் இடம் இதுதான். இந்தச் சிகிச்சை வேண்டும் என்பவருக்குக் கிடைக்க வேண்டும், காசில்லாதவருக்கும் கிடைக்க வேண்டும். ஆனால் அதை வாங்குவதற்காக அவர் தன் உடம்பை நோய் என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டியிருக்கக் கூடாது. ஏனென்றால் அந்தக் கையெழுத்து அவரோடு நிற்பதில்லை. வேண்டாம் என்று இருப்பவர் தலையிலும் அது விழுகிறது. 'சரிசெய்யலாமே, ஏன் இன்னும் இப்படி இருக்கிறாய்' என்பது புதுக் கேள்வியாக அவளிடம் போய்ச் சேரும். விளக்கம் கொடுக்கும் வேலை என்னிடமிருந்து அவளுக்கு மாற்றலாகும்.

அரசாங்கத்தின் காசு அளவானது, யாருக்கு முதலில் என்று எப்படி முடிவு செய்வது என்பீர்கள். நியாயமான கேள்வி. எங்கள் டிக்கெட்டில் அவசரத்துக்கு ஒரு கட்டம், இது பக்-தானா என்பதற்கு வேறொரு கட்டம். இரண்டையும் குழப்பக் கூடாது என்று புதுசாக வரும் பையனுக்கு முதல் வாரமே சொல்லிக்கொடுப்போம். புற்றுநோயாளி வரிசையில் முன்னால் நிற்கட்டும், முதுகு வலிக்காரி அடுத்து நிற்கட்டும், நான் பின்னால் நிற்கிறேன். வரிசையில் கடைசி என்பதால் நான் கேட்டது அற்பம் என்று ஆகாது.

இன்னொன்று, முடிவு யாருடையது என்பது. அதே 2019 ஏப்ரலில், ஒரு திருமணப் பதிவு வழக்கில், உயர் நீதிமன்ற மதுரைக் கிளை போகிற போக்கில் பெரிய காரியம் ஒன்று செய்தது. ஆண், பெண் என்று பிரித்துச் சொல்ல முடியாத உடல் அமைப்போடு பிறக்கும் குழந்தைகளுக்கு ஏதாவது ஒரு பக்கம் பொருந்தும்படி ஆபரேஷன் செய்வதை நிறுத்தச் சொன்னது. ஆகஸ்டில் அரசாணையும் வந்தது. உயிருக்கு ஆபத்து இருந்தால் மட்டும் விதிவிலக்கு. வேறு பிரச்சினைதான். ஆனால் அடிப்படை ஒன்று: அந்த உடம்பில் வாழப்போகிறவர் வளர்ந்து வந்து சொல்லட்டும். மார்பக விஷயத்திலும் வளர்ச்சி நிற்கும்வரை காத்திருக்கத்தான் பெரும்பாலும் டாக்டர்கள் சொல்கிறார்கள். அந்தக் காத்திருப்பு திசுவுக்கு மட்டும் வேண்டியதில்லை, மனசுக்கும் வேண்டியது.

*

பள்ளிக்கூட நாட்களில் அம்மா எனக்குத் தடாதகை கதையைப் பலமுறை சொல்லியிருக்கிறார். எங்கள் கோயிலில் இருப்பதும் மீனாட்சிதானே. பாண்டியன் வேள்வியில் வந்த பெண் குழந்தைக்கு மூன்று மார்பு. ராஜாவும் ராணியும் கலங்க, அசரீரி சொல்கிறது: இவளுக்கேற்ற கணவனைக் காணும்போது ஒன்று மறையும். அம்மா அழுத்திச் சொன்னது அந்த முடிவைத்தான். கல்யாணம் ஆனால் எல்லாம் சரியாயிடும். நம்மூரில் வலிப்புக்கும், குடிக்கும், வேலையில்லாமல் சுற்றுவதற்கும் சொல்லும் அதே வைத்தியம்.

திருவிளையாடல் புராணக் கதையைப் பெரியவளானதும் நானே படித்தேன். அசரீரி அதற்கு முன்னால் இன்னொன்றும் சொல்கிறது: இவளை ஆண்பிள்ளை போல வளர்த்து முடிசூட்டு. அப்படியே செய்கிறார்கள். குதிரை, வாள், கல்வி, பிறகு கிரீடம். மதுரையை ஆண்டதும் திசைகளை வென்றதும் மூன்று மார்போடு இருந்த தடாதகை. எந்த வைத்தியரையும் யாரும் கூப்பிடவில்லை. எந்தத் தூதனும் அதற்கு விளக்கம் கேட்டதாகவும் கதையில் இல்லை. அவள் சரியான பிறகு கிரீடம் வந்ததாக அம்மா சொன்ன கதையில் இருந்தது, அல்லது நான் அப்படிக் கேட்டுக்கொண்டேன். இதை அம்மாவிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் மெஷினை நிறுத்திவிட்டு, "அட, ஆமால்ல" என்றார்.

*

போன தீபாவளிக்கு ஊருக்குப் போயிருந்தபோது அபிராமத்திலிருந்து ஒரு பெண்ணும் அவள் அம்மாவும் வந்திருந்தார்கள். பத்தொன்பது வயது, காலேஜ் இரண்டாம் வருஷம். அளவெடுத்து முடித்த அம்மா உள்ளே வந்து, "நீ அந்தப் பிள்ளட்ட கொஞ்சம் பேசுறியாத்தா?" என்றார். முப்பது வருஷத்தில் அம்மா ஒரு வாடிக்கையாளர் விஷயத்தை இன்னொருவரிடம் சொன்னது அதுதான் முதல் தடவை. அந்தப் பிள்ளையிடம் கேட்டுக்கொண்டுதான் உள்ளே வந்திருந்தார்.

எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். அவசரமில்லை. ஒருமுறை டாக்டரிடம் காட்டி என்னவென்று மட்டும் தெரிந்துகொள். மதுரை ராஜாஜி ஆஸ்பத்திரியில் பிளாஸ்டிக் சர்ஜரிக்கென்று தனித் துறையே இருக்கிறது, காசு கேட்க மாட்டார்கள். செய்யாவிட்டால் உடம்புக்கு ஒன்றும் ஆகாது. செய்தால் அதோடு ஆயுள் முழுக்க ஒரு கணக்குவழக்கு உண்டு. உன் அம்மாவுக்காக வேண்டாம், எனக்காகவும் வேண்டாம்.

"நீங்க பண்ணிருக்கீங்களாக்கா?"

ஒரு நிமிஷம் யோசித்தேன். விளக்கம் கொடுப்பதை நிறுத்தத்தான் இவ்வளவும் செய்தேன். ஆனால் இவள் கேட்டது வேறு கேள்வி. "பண்ணிருக்கேன்" என்றேன்.

"சரியாயிருச்சா?"

அம்மாதான் பதில் சொன்னார். மேஜையிலிருந்து நோட்டை எடுத்து, என் வரியைத் தேடி அவளிடம் காட்டினார். ஆபரேஷனுக்குப் பிறகு எடுத்த அளவு. ஓரத்தில் இப்போதும் 'வ'. "அரை இஞ்ச் வித்தியாசம் இருக்கு. எனக்கு மட்டும் தெரியும்" என்றார்.

அந்தப் பெண் நோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு மேலே, கீழே மற்ற வரிகளையும் பார்த்தாள். பெயர்கள் இல்லாத வரிகள். அங்கங்கே வ, இ, வ.

"இத்தன பேரா அத்த?"

"இது இந்த வருஷ நோட்டு மட்டும்" என்ற அம்மா, பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு கேட்டார்: "சரி, ஒனக்கு சுடிதாருக்குக் கை எவ்வளவு நீளம் வைக்கட்டும்?"